இருபத்தைந்து பழுப்பு

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த சுருட்டுக் கம்பெனியில் நிறம் பிரிப்பது ஆரோக்கியசெல்வியின் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாச் சுருட்டும் ஒரே பழுப்பு. அவளுக்கு அப்படியில்லை. பெட்டிக்கு இருபத்தைந்து, கருத்தது இடது கோடியில், வெளுத்தது வலது கோடியில், நடுவில் படிப்படியாக இறங்க வேண்டும். பிறகு செண்பகம் ஒவ்வொன்றுக்கும் பொன் வளையம் ஒட்டி, கண்ணாடித் தாளில் நுழைத்து, தேவதாருப் பெட்டியில் அடுக்குவாள்.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று பெட்டி திரும்பி வந்தன.

"என்னம்மா, நடுவுல கருப்பு நிக்குது?" என்றார் சூப்பர்வைசர் பாண்டுரங்கன்.

அவர் மேசையில் வைத்துப் பார்த்தாள். தப்புதான். திரும்ப அடுக்கிக் கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. மறுநாளும் அதே கதை. கைக்கு எடுத்த சுருட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள்.

"கண்ணு மங்குதோ என்னவோ, காட்டிட்டு வாக்கா," என்றாள் செண்பகம்.

விழுப்புரத்துக்குப் போய்க் காட்டினாள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால்கூட மனசு அடங்கியிருக்கும். பஸ்ஸில் வரும்போது குழப்பம்தான் கூடியது.

வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. அடுக்கிய சுருட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் வாசலுக்கு வந்தாள். உள்ளே சீராக இருந்த வரிசை வெயிலில் கலைந்து கிடந்தது. கரண்ட் வந்ததும் உள்ளே கொண்டுபோனாள். சீராக இருந்தது. மறுபடி வெளியே வந்தாள்.

"என்னா பண்ணிக்கினு இருக்க?" என்று கேட்டபடி வந்த பாண்டுரங்கனிடம் தட்டை நீட்டினாள். அவரும் இரண்டு முறை உள்ளே போய் வந்தார். பிறகு அவள் மேசைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம் உன் டியூப்லைட்ட மட்டும் மாத்துனாங்க. என் மேசைக்கு மேல இருக்கறது பழசு."

"அப்ப எது சார் நெஜ நெறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "வாங்குறவன் எந்த வெளிச்சத்துல தொறப்பானோ. நீ ஜன்னலாண்ட ஒக்காரு."

மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். அன்று ஒரு பெட்டியும் திரும்பவில்லை. ஆனால் நாலு மணிக்கு மேகம் மூடியதும் அவள் கை நின்றுவிட்டது.

"என்னாக்கா?" என்றாள் வளையத்தோடு காத்திருந்த செண்பகம்.

"இரு, வெய்யில் வரட்டும்."