உப்புக்கு அசராத பருத்தி

1

இந்தக் கதை ஒரு பொய்க் கணக்கிலிருந்து பிறந்தது. அதைக் கணினியில் ஏற்றியவன் நான். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆமு தரியா ஆற்றை ஒட்டிய கொரஸ்ம் மாவட்டங்களில் பருத்தி எவ்வளவு விளையும் என்று சொல்லும் கணினி மாடலை, பழைய விளைச்சலோடு ஒத்துப்போகும்வரை திருகித் திருகிச் சரிசெய்வது என் பிழைப்பு. எந்த வயலில் என்ன பயிர் என்பதற்கு என்னிடம் இருப்பது சோவியத் காலத்து வரைபடம் ஒன்றே. கோபத்தில் எழுதுகிறேன், நடை கரடுமுரடாகத்தான் இருக்கும்.

2

முதல் தொடக்கம்: ‘ஆமு தரியாக் கரையில் மார்ச் மாதத்து இளவெயில்...’ வெயிலா இப்போது முக்கியம்?

இரண்டாம் தொடக்கம்: எனக்கு அக்கா முறையான ஹுர்லிமானுக்குப் பத்து ஹெக்டேர் அரசுக் குத்தகை. வரைபடத்தில் பத்தும் பருத்தி. உண்மையில் நாலு ஹெக்டேர் உப்புப் பூத்துச் செத்துவிட்டது. விதைக்காமல் போட்டால் குத்தகையைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் வரைபடத்தில் இல்லாத வாய்க்காலோர நாணல்காட்டை வெட்டி, அங்கே பருத்தி போட்டு, எல்லாம் அந்தப் பத்தில் விளைந்ததாகக் காட்டினாள். பதினோரு ஆண்டுகளாக.

(அவள் மட்டுமா? ஊரே அப்படித்தான்.)

3

என் மாடல், யார் எதைச் சொன்னாலும் நம்பும் பிள்ளை. உப்பு ஏறியும் விளைச்சல் குறையவில்லை, ஆகவே உப்பு பருத்தியை ஒன்றும் செய்யாது என்று கற்றுக்கொண்டது. எங்கள் பாசன அலுவலக இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அப்புறம் எதுக்குய்யா விதைப்புக்கு முன்னாடி உப்பு கழுவத் தண்ணி? நிறுத்திடலாம்!”

தண்ணீர் நின்றால் அவளது மிச்ச ஆறு ஹெக்டேரும் இரண்டே ஆண்டில் வெளுத்துவிடும்.

4

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அலுவலகத்துக்கே வந்து, கொண்டுவந்த ரொட்டியை என் மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.]

“செயற்கைக்கோள் படத்துல நாணக்காடு பச்சையாத் தெரியுதுக்கா. அதையும் பருத்தி வயல்னு பதிஞ்சா மாடல் சரியாயிடும். தண்ணி வரும்.”

“ஊருக்கு வரும். எனக்கு? திருட்டு விதைப்புன்னு நிலத்தைப் புடுங்கிட்டுப் போவான்.”

“பதியலேன்னா உப்பு புடுங்கிடும்.”

“ஏன்டா, எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து புலாவ மூக்குப் பிடிக்கத் தின்னியே, அப்ப அந்த நாலு ஹெக்டேர் உன் கண்ணுல படலையா?”

பட்டது. “வரைபடத்துல இல்லாததை நான் எப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

“இதையெல்லாம் கதையா வேற எழுதறியாமே. அதுல நான் நல்லவளா, கெட்டவளா?”

“இன்னும் முடிவு பண்ணலக்கா.”

“பண்ணாத. மடையைத் திறக்கச் சொல்லு, போதும்.”

5

முடிவு ஒன்று: பதிகிறேன். ஊருக்குத் தண்ணீர் வருகிறது, அவளுக்கு நிலமில்லை. முடிவு இரண்டு: பதியவில்லை. நிலம் அவளிடமே இருக்கிறது, உப்பளமாக. மூன்றாவது முடிவில் இயக்குநர் வயலில் இறங்கி, மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து... சிரிக்காதீர்கள், எனக்கே எழுத வரவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். என் கோப்பில் நாணல்காட்டுக்கு எதிரே, என்ன பயிர் என்று பதிய ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நாலு மணிக்கு இயக்குநருக்குக் கோப்பு போகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் நழுவாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி பழைய வரைபடத்தையே எடுத்துக்கொள்ளும். அப்புறம் மடையை அடைத்தவர்களில் நீங்களும் ஒருவர்.