தங்கச்சிக்கு எந்த வீடு?

கலியாணம் முடித்து முப்பது வருடத்துக்கு மேலாக நான் குடியிருக்கும் வீட்டில், எனக்கென்று சொந்தமாக இருப்பது முன் விறாந்தையில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரைதான். அதையும் நான் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பூச்சட்டி வைக்க எடுத்துவிடுவார்கள். வீடு என் மனைவி நஜ்முன் நிஸாவுடையது. அவளுடைய உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுத்தது. கேற்றுத் தூணில் 'நஜ்முன் நிஸா மன்ஸில்' என்று கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு சூட்கேசோடு திருகோணமலை ஜமாலியாவுக்கு மாப்பிள்ளையாக வந்த அன்று அந்தக் கல்லைப் பார்த்தேன். இன்றைக்கும் கேற்றைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை வெளிநாடு போய் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டுவான். பிறகு வேறு யாரோ ஒருவனுடைய தங்கச்சியின் வீட்டில் போய்க் குடியேறுவான். நானும் அப்படித்தான் செய்தேன். முறைப்பாடு இல்லை. ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்பது சில நாட்களில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

என் சிநேகிதன் ரஜீவனுக்கும் இதே கதைதான். அவன் கோயிலுக்குப் போகிறவன், நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன். வீட்டு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். டவுனில் இருந்த அவர்களுடைய வீடு அவன் தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. அவன் சுவிஸுக்குப் போய் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்துவிட்டான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். குளிரில் முழங்கால் நோகிறது, வருடத்தில் பாதியை இங்கே கழிக்க வேண்டும் என்று இரட்டைக் குடியுரிமையும் எடுத்து வைத்திருந்தான். வீடுதான் இல்லை.

ஒரு நாள் என்னுடைய எஞ்சின் சாமான் கடையில் வள்ளக்காரர் ஒருவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவனுடைய அழைப்பு வந்தது.

"மச்சான், வீடு கிடைச்சிட்டுது! உட்துறைமுக வீதி. மாடியில ஏறி நிண்டால் முழு ஹாபரும் தெரியுது."

"ஆர்ட வீடு?"

"இல்ஹாம் எண்டு ஒரு ஆள். வாட்ஸ்அப் குறூப்பில வந்தது. வீடியோ எல்லாம் அனுப்பியிருக்கிறார். உறுதி எழுதுற நொத்தாரிசையும் அவரே ஒழுங்கு பண்ணிட்டார். நான் வரவே தேவையில்லையாம்."

"வராமல் வீடு வாங்கிறதா?"

"இப்ப எல்லாம் அப்பிடித்தான் மச்சான். வேற ஆக்களும் கேட்டு நிக்கினமாம். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் போடாட்டிக் கை விட்டுப் போயிடும். நீ ஒருக்கா போய்ப் பார். நீ ஓம் எண்டால் நான் போடுறன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "முழுக்க வெங்காயம் வெட்டிச் சேர்த்த காசு மச்சான். இது போனால் இன்னொருக்காச் சேர்க்க எனக்கு வயசில்லை."

நான் ஓம் என்றால் போடுவானாம். அவ்வளவு பெரிய ஓம் ஒன்றை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நஜ்முன் நிஸா அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

"நீ எங்க?"

"வீடு பார்க்கத்தானே? ஒங்களுக்குக் குசினி பார்க்கத் தெரியாது."

அந்த வீட்டுக் கேற்றடியில், டவுன் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் இரண்டு படுத்திருந்தன. ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை. இல்ஹாம் உள்ளிருந்து வந்து கைதட்டி அவற்றைக் கலைத்துவிட்டு எங்களை அழைத்துப் போனான். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேட்டு, பணிவான பேச்சு. நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தான். குறிஞ்சாக்கேணி ஆள் என்றதும் எனக்கு இன்னும் மனம் இளகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆள்.

மாடியில் ஏறினால், ரஜீவன் சொன்னது பொய்யில்லை. துறைமுகம் முழுவதும் கண் முன்னால் கிடந்தது. கடற்படைக் கப்பல் ஒன்று, அதற்கு அப்பால் மலைகள், இந்தப் பக்கம் நம்முடைய வள்ளங்கள்.

"வாப்பா எனக்குத் தந்த வீடு நானா," என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னான் இல்ஹாம், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு. "கலியாணம் முடிச்சும் நான் எங்கயும் போகல்ல. பொஞ்சாதியை இஞ்சதான் கூட்டிட்டு வந்தன்."

"அவங்கட ஆக்கள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்ன சொல்ற? நான்தானே வீட்டுக்காரன்!"

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். வீட்டுக்காரன்! பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. தன் வீட்டில், தன் பெயரில், நினைத்த இடத்தில் நினைத்த நேரம் ஆணி அடிக்கக்கூடிய ஒரு ஆண்பிள்ளை என் முன்னால் நின்றான். அப்படி ஒருவனைப் பார்ப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு ரஜீவனும் இப்படி இதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்தேன். அங்கேயே நின்று அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "மச்சான், வீடும் தங்கம், ஆளும் தங்கம். யோசிக்காதை."

கீழே இறங்கி வந்தபோது நஜ்முன் நிஸா குசினியைப் பார்த்து முடித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குக் கூடப் பிறந்தவங்க?" என்று கேட்டாள்.

"ராத்தா, ஒரேயொரு தங்கச்சி. ஷிஃபானா. மாப்பிள்ளையோட டோஹாவில இருக்காங்க."

"மாஷா அல்லாஹ்," என்றாள். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள்.

வரும் வழியில் நான் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். கடற்கரை வீதிக்கு வந்ததும் நஜ்முன் நிஸா என் தோளில் தட்டினாள்.

"அந்தத் தங்கச்சிக்கு எந்த வீடு?"

"எந்தத் தங்கச்சிக்கு?"

"ஷிஃபானாவுக்கு. கலியாணம் முடிச்ச புள்ள. அவவுக்கு எந்த வீட்டைக் குடுத்தாங்க?"

"வேற வீடு குடுத்திருப்பாங்க."

"குடுத்திருந்தா அவன் அதைத்தானே முதல்ல சொல்லியிருப்பான்? தங்கச்சிக்கு அங்க ஒரு வீடு கட்டிக் குடுத்தனான், இது எனக்கு எண்டு பெருமையாச் சொல்ல மாட்டானா? நீங்க ஒங்கட தங்கச்சிக்குக் கட்டின வீட்டைப் பத்தி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

அந்த வீட்டைப் பற்றி நான் சொல்லாத ஆள் திருகோணமலையில் மிச்சம் இல்லை.

"ஒரேயொரு பொம்பிளப் புள்ள," என்று அவள் தொடர்ந்தாள். "குறிஞ்சாக்கேணி ஆக்கள். மகனுக்கு மாடி வீட்டைக் குடுத்திட்டு, மகளை வெறுங்கையோட அனுப்பியிருந்தா ஊர் சும்மா இருக்குமா? அவன் ஒண்டில் பொய்க்காரன், இல்லாட்டித் தங்கச்சிக்குத் துரோகம் செஞ்சவன். ரெண்டில எது எண்டாலும் அவன்ட கையில காசைக் குடுக்க ஏலாது."

மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினேன்.

"இது ஒங்களுக்கும் தெரிஞ்சதுதான்," என்றாள், இந்த முறை மெதுவாக. "ஆசையில மறந்திட்டீங்க."

எனக்கு முகம் சுட்டது. கோபம் அவள் மீதா என் மீதா என்று பார்க்க நேரமில்லை. ரஜீவனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். நான் அனுப்பிய செய்தியை அவன் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக அந்த நீலச் சரி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அவன் மனைவி புஸ்பராணிக்கு அழைத்தேன். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

"அவர் பாங்குக்குப் போயிட்டார் அண்ணா. உங்கட மெசேஜைக் கேட்டுட்டுத் துள்ளிக்கொண்டு போனவர்."

"தங்கச்சி, காசு போகக்கூடாது. எப்பிடியாவது நிப்பாட்டுங்கோ."

அவள் காரணம் கேட்கவில்லை. "வையுங்கோ, நான் பாங்குக்கே எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் வீதியோரத்தில் நின்றோம். கச்சான் கடலை விற்கிறவன் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனான். நஜ்முன் நிஸா வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். என் ஒரு வார்த்தையால் என் சிநேகிதன் காலம் முழுக்க உழைத்த உழைப்புப் போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவ்வளவு பயம் எனக்குச் சுனாமி வந்த அன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

போன் அடித்தது. ரஜீவன்.

"என்னடா விளையாடுறியா? நம்பரை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால இருந்தனான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மனிசி போனில நிக்கிறா எண்டு சொல்லுறாங்கள்! நீதானே தங்கம் எண்டு அனுப்பினனீ!"

"அனுப்பினனான். காசு போயிட்டுதா?"

"இல்லை. கையிலதான் இருக்கு."

அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். கச்சான்காரன் திரும்பிப் பார்த்தான். பிறகு நஜ்முன் நிஸா கேட்ட கேள்வியை அப்படியே ரஜீவனிடம் கேட்டேன்.

"எங்கட வீடும் தங்கச்சிக்குத்தானே மச்சான் போனது," என்றான் அவன். "எனக்கே இது மண்டையில ஓடேல்லையே."

"எனக்கும்தான் ஓடேல்ல. வீட்டுக்காரன் எண்டு சொன்னான், மயங்கிட்டன்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

மற்றதை நஜ்முன் நிஸா பார்த்துக்கொண்டாள். குறிஞ்சாக்கேணியில் இருக்கும் தன் மச்சி சுஹைராவுக்கு அழைத்தாள். சுஹைரா யாருக்கோ அழைத்தாள். மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னமே டோஹா நம்பர் வந்து சேர்ந்தது. நஜ்முன் நிஸா விஷயத்தைச் சொன்னபோது ஷிஃபானா முதலில் நம்பவில்லை.

"காக்கா அப்படிச் செய்ய மாட்டார் ராத்தா. என்ட வீடுதான் அது. வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காக்காக்கிட்டச் சாவியைத்தான் குடுத்தன்." பிறகு அழுதாள். வீடு போக இருந்ததை விட, விற்கத் துணிந்தவன் கூடப் பிறந்த காக்கா என்பதுதான் அவளுக்கு வலித்தது. நஜ்முன் நிஸாவும் சேர்ந்து அழுதாள். நான் விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

ரஜீவன் தானே பிடித்த ஒரு சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தார். வீடு ஷிஃபானாவின் பெயரில்தான் இருந்தது. இல்ஹாம் ரஜீவனுக்கு அனுப்பியிருந்த உறுதிப் பத்திரம் எங்குமே பதியப்பட்டிருக்கவில்லை. ஷிஃபானா மாப்பிள்ளையோடு வந்து பூட்டை மாற்றினாள், பொலிஸிலும் சொன்னாள். அவளை ஒரு தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வீட்டை விற்கும் யோசனை இல்லை என்றாள். யாரும் கேட்கவும் இல்லை.

ஆடி மாதம் ரஜீவனும் புஸ்பராணியும் நேரில் வந்தார்கள். இந்த முறை வீடியோவும் இல்லை, குறூப்பும் இல்லை. நடந்து நடந்து பார்த்தோம். துறைமுகத்துக்குப் பின் வீதியில் ஒரு வீடு பிடித்தது. மாடி கிடையாது, ஹாபரைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற வேண்டும். நாங்கள் போனபோது சித்தி பரீதா என்ற வீட்டுக்காரி விலை பேசினாள், எல்லையைக் காட்டினாள், கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவளுடைய கணவர் மஹ்ரூப் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார். விலையைக் கேட்டால் "அவவைக் கேளுங்க" என்றார். நஜ்முன் நிஸா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருப்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

அதற்காக ஒன்றையும் சும்மா விடவில்லை. சட்டத்தரணி முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பதிவுகளைத் தேடினார். நில அளவையாளர் வந்து அளந்தார். பக்கத்து வீட்டாரிடம் நானே போய் வேலியைப் பற்றி விசாரித்தேன். இரண்டு பக்கமும் நேரில் உட்கார்ந்து கையெழுத்து வைத்த பிறகுதான் காசு கைமாறியது. உறுதி யார் பெயரில் என்று நொத்தாரிசு கேட்டபோது ரஜீவன் வாயைத் திறந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அவவின்ட பேரிலயே எழுதுங்கோ. பாங்கில காசைக் காப்பாத்தினது அவதானே."

புஸ்பராணி கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சியைத் தேடினாள்.

பால் காய்ச்சிய அன்று தூணில் பெயர்ப்பலகை பூட்ட ஏணியைப் பிடித்தவன் நான். 'புஸ்பராணி இல்லம்'. ரஜீவன் ஏணியில் நின்றுகொண்டு கீழே கேட்டான். "நேராத்தானே இருக்கு?"

"வீட்டுக்காரியைக் கேள்," என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ரஜீவனும் எங்கட கூட்டத்தில சேர்ந்திட்டான்," என்றேன் நஜ்முன் நிஸாவிடம். "இனிப் புஸ்பராணி போ எண்டால் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்களுக்கு என்ன இருக்கு?"

அவள் அபாயாவைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வீடு என்டதான். அதில ஆர் இருக்கிறது எண்டு முடிவெடுக்கிறதும் நான்தான். இவ்வளவு காலத்தில ஒரு நாளாவது போ எண்டு சொன்னனானா?"

யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். நான் கோபித்துக்கொண்டு நாட்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை. விறாந்தைக்கு வந்து, பூச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் கதிரையில் உட்கார்ந்தேன்.