உலை காணாத எஃகு

"என்னப் பெத்த அத்தா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத முகர்ரம் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுல்பியாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"இப்ப என்ன சொன்ன?"

சுல்பியா ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் ஆலையில் வெல்டிங்கில் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பவள். முகர்ரமுக்கும் அங்கேதான் வேலை, உலையடியில். விடியற்காலையில் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த அவளுடைய அத்தா எர்காஷ் அங்கே வெல்டிங் மேஸ்திரி.

"நேத்து உங்க அத்தா செஞ்ச வேலைடி. வால் விசிறியைத் தாங்குற எஃகுக் கை. விரிசல் விட்ட வெல்டிங்கைக் குடைஞ்சு எடுத்துட்டுப் புதுசாப் போட்டிருந்தாரு. அவரோட கடைசி வேலை மேசையிலேயே கிடக்க வேணாம்னு நாங்களே மெருகேத்தி மாட்டிட்டோம். அவரு பேரைச் சொல்லி மத்தியானமே பறக்கப்போகுது."

"உலையில யாரு வச்சா?"

"நீதான் வச்சிருப்பேன்னு…" சுல்பியாவின் முகம் வெளுத்தது. "எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சுடி."

சுத்தமாகத்தான் இருக்கும். எர்காஷ் போட்டதில் ஒரு குமிழ்கூட இருக்காது. ஆனால் அந்த எஃகுக்கு வலுவே சூட்டில்தான் வருகிறது. உலை கண்டு இறுகியதை மறுபடி பற்றவைத்தால் அந்த இடம் வலுவிழந்துவிடும். முழுசாகப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் குளிரவைத்து, திரும்ப மிதமான சூட்டில் வைத்தெடுத்தால்தான் பழையபடி ஆகும். எந்த எக்ஸ்ரேயிலும் அது தெரியாது.

எழுந்த முகர்ரமின் முந்தானையை அத்தாவின் தங்கை பிடித்து இழுத்தாள். "எங்க அண்ணனைச் சந்தூக்குல வச்சுத் தூக்கப்போற நேரத்துல பொம்பள வாசலுக்குப் போவாளா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"விடுங்க மாமி!"

வாசலில் இடுப்பில் துண்டு கட்டி, தொப்பி போட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சு அடங்கிப்போனது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஆலை மேலாளர் தொல்கின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஹெலிகாப்டரை நிறுத்துங்க. அத்தா செஞ்ச அந்த எஃகுக் கை உலைக்கு வரல."

"இங்கயா இதைப் பேசுறது? உள்ள போம்மா." தொல்கின் குரலைத் தாழ்த்தினார். "ஹெலிகாப்டரை எடுத்துட்டுப் போக வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சூடு கண்டுதான் இருக்கும். உங்க அத்தா எந்த வேலையை அரைகுறையா விட்டிருக்காரு?"

"விட்டதே இல்ல. இந்தத் தடவை முடிக்கிறதுக்குள்ள மௌத்தாயிட்டாரு."

அந்த நேரம் பார்த்து ஆலைப் பக்கமிருந்து விசிறி சுற்றும் சத்தம் மெல்லக் கிளம்பியது.

"இமாம் இப்ப எல்லாரையும் பாத்து, இவரு எப்படிப்பட்ட மனுஷர்னு கேக்கப்போறாரு," என்றார் தொல்கின். "இந்த நேரத்துல அவரு வேலையில குறைன்னு ஊருக்கு முன்னாடி சொல்றியே, நியாயமா?"

முகர்ரம் சந்தூக்கைப் பார்த்தாள். மேலே அத்தாவின் நீல அங்கியைப் போர்த்தியிருந்தார்கள். துக்கத்தைவிடக் கோபம் மேலோங்கியது.

"அது கழண்டு விழுந்தா அப்புறம் யாருண்ணே அவரை நல்லவருன்னு சொல்லுவா? ஓட்டப்போறவனும் யாரோ பெத்த புள்ளதானே?"

தொல்கின் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சத்தம் ஏறியது. மறுபடி போட்டார்.

"நிறுத்துடா! மேல ஏத்தாத, நிறுத்து!"

கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து அடங்கியது. ஆண்கள் சந்தூக்கைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. இமாம் கேட்டதும், கூட்டம் பதில் சொன்னதும் முகர்ரமின் காதில் விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் துக்கவீட்டு உடுப்போடு உலையடிக்குப் போனாள். மாமி தடுக்கவில்லை. முதல் சூடு கண்டு எண்ணெயில் குளிர்ந்திருந்த எஃகுக் கையை இரண்டாவது சூட்டுக்கு உள்ளே வைத்துக் கதவை மூடினாள்.

வாசலில் நிழல் தட்டியது. நேற்று அந்த ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருந்த விமானி பஹ்ராம். ஜனாஸாவுக்கு வர முடியாதவன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உலையையே பார்த்தபடி நின்றான்.

"நல்ல மனுஷர்," என்றான்.

முகர்ரம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."