பாவத்தைப் பங்கு போட்ட வீடு

அக்காவுக்கு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊராரின் ரத்தத்தைக் குழாயில் வாங்கி, எந்த நோய் எந்த வழியாக வந்தது என்று சொல்கிற பிழைப்பு. அதனால் தங்கை மகனின் கால்கள் ஏன் தளர்கின்றன என்று கேட்க அவள் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பையனை வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. ஐந்து வயதில் காரணமில்லாமல் விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி, தன் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தான். நான்காம் வகுப்பு முடிவதற்குள் நடை நின்றுவிட்டது. அது தசையைத் தின்னும் நோய், மருந்து அதைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தங்கையின் மாமியார் ஆஸ்பத்திரி சொன்னதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டாள். அவள் கணக்கே வேறு. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது கூடப்பிறந்த தம்பியை ஏமாற்றி வீட்டைவிட்டே துரத்தியவன். அந்த வயிற்றெரிச்சல்தான் பேரன் காலில் வந்து விடிந்திருக்கிறது என்று உறுதியாக நம்பினாள். அதற்காக வாரத்தில் ஒருநாள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். தினமும் பையனின் கால்களை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். தங்கையின் புருஷன் வெல்டர்; தன் பட்டறையிலேயே மகனுக்குச் சக்கர நாற்காலி செய்துகொடுத்தான். அப்பன் செய்த பாவத்துக்கு மகன் நான் சுமக்கிறேன் என்று பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். யாரும் தங்கையை ஒரு சொல் சொன்னதில்லை.

ஆனால் அவர்கள் போய்வரும் பிரார்த்தனை மண்டபத்துப் பெரியவர் பரிகாரம் ஒன்று சொன்னார். விடியற்காலையில் மண்டபத்துத் தொட்டியில் பையனை முக்கி எடுக்க வேண்டும். முக்கினார்கள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, பையன் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பிய அன்று அக்கா கோபத்தோடு அங்கே போனாள். சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு விளக்கினாள். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. இது தாய்வழியாக வருவது. தாய்க்கு ஒன்றும் செய்யாது, மகனைத்தான் பிடிக்கும். தங்கள் தாய்மாமா இருபது வயதில் படுக்கையிலேயே போனதும் இதனால்தான். தங்கையின் ரத்தத்தையும் சோதித்தாகிவிட்டது.

மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப இது எங்க பக்கத்துலேர்ந்து வரலையா?”

“இல்லை” என்றாள் அக்கா. கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டாளே என்று அவளுக்கு அந்த நொடியில் சந்தோஷம்கூட.

அந்த வாரமே மாமியார் விரதத்தை விட்டாள். வயிறார உண்டாள். எண்ணெய்க் கிண்ணம் அலமாரிக்குப் போனது. யார் வந்தாலும், “பெரிய படிப்பு படிச்ச அவ அக்காவே வந்து படம் போட்டுக் காட்டிட்டா” என்று சொல்லி நிம்மதியாக மூச்சு விட்டாள். வெல்டர் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. நாற்காலியின் சக்கரம் கழன்றபோது அதை மாட்டவுமில்லை. ஒருநாள் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, டாக்டரிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டான்.

“அண்ணி, வேற ஒருத்திக்குன்னா எனக்கு நல்ல புள்ள பொறக்குமா?”

எதிரில் இருப்பவன் யார் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டவர்க்கெல்லாம் உள்ளதைச் சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு அது. பிறக்கும் என்றாள்.

அவனுக்கு வேறு பெண் பார்க்கும் விவகாரம் முற்றியபோது அக்கா மானத்தை விழுங்கிக்கொண்டு மண்டபத்துப் பெரியவரிடமே போனாள். பாவம்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வீடு கேட்கும் என்று கெஞ்சினாள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“நான் சொன்னா எடுபடாதும்மா. இப்ப அவங்க உங்க கட்சி.”

வெல்டரின் இரண்டாம் கல்யாணம் அந்த மண்டபத்திலேயே நடந்தது. விஞ்ஞானமும் ஆண்டவன் கொடுத்த கண்தான் என்று பெரியவர் அன்று பேசினாராம்.

தங்கை பையனோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரேயொரு தடவை மட்டும், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “பாவம்னு சொன்னப்போ அதுல எல்லாருக்கும் பங்கு இருந்துச்சுக்கா. இப்ப மொத்தமும் என் ரத்தம்” என்றாள். கொஞ்சம் கழித்து, உன்னுடையதைப் பார்த்தாயா என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவள். இருக்கவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் தன் மகளுக்கும் இறங்கியிருக்கலாம். அக்கா வேலைசெய்யும் மேஜையிலிருந்து ஊசி போடும் அறை கூப்பிடு தூரம்கூட இல்லை. இருந்தும் அவள் கை நீட்டவில்லை.

மகளுக்கு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அம்மாள் நல்ல மாதிரி. பட்டாசோடு வெகுநேரம் பேசிச் சிரித்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். தங்கை டீத்தட்டோடு நின்றிருந்தாள்.

“சின்ன வயசுல வெஷக் காய்ச்சல்” என்றாள் அக்கா.

அம்மாள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையாட்டி, “ஆமாங்க, காய்ச்சல்தான்” என்றாள்.

சம்பந்தம் முடிவாயிற்று. அவர்கள் போனபின் சமையலறையில் இருவரும் டம்ளர்களைக் கழுவினார்கள். தங்கை குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

“இந்தக் காய்ச்சலை அன்னைக்கு எனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

அக்கா துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்தாள். உள்ளேயிருந்து பையன் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக் கூப்பிட்டான். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நானும் வரட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.