சீகை மரத்தில் மாட்டிய போன்

கேரட் கழுவும் தொட்டியிலிருந்து விஜயராணி நிமிர்ந்து பார்த்தபோது சீகை மரத்தில் மூன்று கவர்கள்தான் தொங்கின. காலையில் நான்கு இருந்தன. மூடுபனி மறைக்கிறதோ என்று கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். மூன்றுதான். கால்களைத் தொட்டியிலிருந்து எடுத்தவள், ஈரம்கூடத் துடைக்காமல் மேட்டில் ஏறினாள்.

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கவுஞ்சியில் செல்போன் வாங்குவது பெரிய காரியமில்லை. அதற்கு டவர் கிடைக்கும் இடம் தேடுவதுதான் பெரிய பாடு. இடுப்பில் செருகியிருக்கும் வரை அது மணி பார்க்க உதவும், அவ்வளவுதான். தோட்டத்து மேட்டில் நிற்கும் அந்தச் சீகை மரத்தில் கிழக்கே நீண்ட ஒரு கிளைக்கு மட்டும் டவர் மனமிரங்கியிருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் போனை மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்தக் கிளையில் மாட்டிவிட்டு, கையைக் கேரட்டிலும் காதை மரத்திலும் வைத்திருப்பார்கள். யார் போன் எப்படி அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் ஓடும் நாளில் மட்டும் ஒன்றும் கேட்காது. அன்று இன்ஜின் ஓடியது. சாயங்கால லாரிக்கு மூட்டை ஏற்ற வேண்டும் என்று தோட்ட முதலாளி ஹரிகிருஷ்ணன் விடிந்ததிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

விஜயராணி போன் வாங்கியதே அக்காவுக்காகத்தான். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இவள் குடும்பம் கப்பலேறியபோது அக்கா தேவகுமாரி கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு கலவரத்துக்குப் பயந்து அவர்கள் கிளிநொச்சிக்குப் போனார்கள். பயந்து ஓடியவர்களைத் தேடிக்கொண்டு சண்டை அங்கேயும் வந்தது. இந்த வருஷம் அது முடிந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். முடிந்தபோது அக்கா எந்தப் பக்கம் நின்றாள் என்று டிவி சொல்லவில்லை. விஜயராணி தன் போன் நம்பரை யார் யாரிடமோ கெஞ்சி அனுப்பியிருந்தாள். போன வாரம் இதே மரத்தில் அது அடித்தது.

"ராணி, நான் உசிரோட இருக்கேன். கம்பி வேலிக்குள்ள வச்சிருக்காங்க. ஒரு ஆள்ட போன்ல கதைக்கிறேன். மகன்..."

அதோடு போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டால் யாரோ ஒருவன் புரியாத பாஷையில் அதட்டினான். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. மகன் கூட இருக்கிறானா, பிடித்துக்கொண்டு போனார்களா, செத்துவிட்டானா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக இவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அக்கா மறுபடி கூப்பிடுவாள். கூப்பிடும்போது எடுக்க வேண்டும். அதைத் தவிர இவளால் ஆகக்கூடியது உலகத்தில் ஒன்றுமில்லை.

மரத்தடியில் நின்றதும் நடந்தது விளங்கிவிட்டது. பழைய கவர் கிழிந்துபோனதால், காலையில் தின்ற பன்னின் கவரிலேயே போனைப் போட்டு மாட்டியிருந்தாள். மற்ற மூன்றும் உரக்கடைக் கவர்கள். பன் வாசத்துக்கு வந்த குரங்கு இவள் கவரை மட்டும் தூக்கிப் போயிருக்கிறது, அவற்றைத் தொடவில்லை. மரத்துக்கு அப்பால் நாலடியில் பாறை முடிந்து பள்ளம் தொடங்குகிறது. பள்ளம் நிறைய சோலைக்காடு, அதன்மேல் பனி.

கூட வேலை செய்யும் அமிர்தவல்லி பின்னாலேயே மூச்சிரைக்க வந்து, கிளையிலிருந்து தன் போனை எடுத்து அடித்துப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

"அணைஞ்சு போகல ராணி. எங்கனயோ பள்ளத்துல உசிரோடதான் கெடக்கு."

"சார்ஜும் இல்லக்கா. ஒரு கோடுதான் இருந்திச்சு."

என்னடா கூட்டம் என்று ஹரிகிருஷ்ணனும் ஏறி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "வெளிநாட்டுல புதுசா வர்ற போன்லாம் தொலைஞ்சா, எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்ல மேப் போட்டுக் காட்டிருமாம். இதுல அதெல்லாம் ஏது? கம்பெனிக்காரன்ட்ட கேட்டா எந்த டவர்னு சொல்லுவான். இந்த மலைக்கே ஒரு டவருதான். விடுங்கம்மா, கொடைக்கானல் போயி அதே நம்பருக்கு வேற சிம் கேப்போம்."

"சிம்மு யாரு பேர்ல இருக்குன்னே தெரியாது தம்பி. பஸ் ஸ்டாண்டு கடையில சும்மா குடுத்தாங்க."

ஹரிகிருஷ்ணன் லாரி வரும் பாதையையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அமிர்தவல்லி மறுபடி அடித்தாள். அதே குரல். காற்று வீசிப் பனி கொஞ்சம் அசைந்தது. இன்னொரு முறை அடித்தவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"வேற ஒருத்தர்கூடப் பேசிக்கிட்டு இருக்காகளாம். கொரங்கு யாரு கூடடி பேசுது?"

விஜயராணியின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"அக்கா அடிக்கிறா," என்றாள் விஜயராணி. "இப்ப அடிக்கிறா. தம்பி, இன்ஜின நிறுத்துங்க. ஒங்க கால்ல விழுறேன், நிறுத்துங்க!"

ஹரிகிருஷ்ணன் ஓடினான். வாய்க்குவந்தபடி ஏசுகிறவன்தான், ஆனால் அன்று ஓடினான். வழியில் வழுக்கி விழுந்து எழுந்து போய் இன்ஜினை அணைத்தான். காதில் இருந்த இரைச்சல் வடிய கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு கேட்டது. கீழே இல்லை. நேர் எதிரே.

பள்ளத்திலிருந்து எழும்பி நின்ற பெரிய நாவல் மரத்தின் உச்சி, பாறை விளிம்பின் மட்டத்துக்கு வந்திருந்தது. அதன் நுனிக்கொப்பில் பன் கவர் சிக்கிக் கிடந்தது. கவருக்குள் விளக்கு எரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இடையில் தரையில்லை.

விஜயராணி முன்னே போனாள். அமிர்தவல்லி அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்தாள். மணி நின்றது. விளக்கு அணைந்தது. மறுபடி அடித்தது.

"இருட்டுறதுக்குள்ள எடுக்கலன்னா கொரங்கு கீழ தள்ளிரும், வெரசா கயிறு கொண்டாரச் சொல்லுங்க தம்பி," என்று அமிர்தவல்லி கத்தினாள். ஹரிகிருஷ்ணன் கயிற்றுக்கு ஆளனுப்பினான். கயிறு வந்தாலும் அந்தக் கொப்பு ஆள் பாரம் தாங்காது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"அக்கா!" என்று விஜயராணி பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இருக்கேன்க்கா! வச்சிறாத! இங்கதான் இருக்கேன்!"

மணி நின்றது. பனி ஏறி வந்து பாதி மரத்தை மூடியது. கேரட் தொட்டியில் நின்ற பெண்கள் கையை ஈரத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு மேலே பார்த்தார்கள். மூன்றாவது முறை அடித்தபோது விஜயராணி கத்தவில்லை. பாறையில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா," என்றாள் தணிந்த குரலில். "மகனுக்கு என்னா?"

கவருக்குள் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது.