இரண்டாவது சரிவு

அந்த ஆய்வுக்கூடத்தில் யார் எதைக் கண்டுபிடித்தாலும், அதைக் கொல்வதற்கு இன்னொருவரை நியமிப்பார்கள்.

விண்ணில் சுற்றும் தொலைநோக்கி ஒரே வானத்துண்டை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். அது அனுப்பும் படங்களிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சமும் திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு எங்காவது இறங்கி ஏறினால், குறுக்கே ஏதோ போயிருக்கிறது என்று பொருள். கண்டவர் 'கோள்' என்பார். நியமிக்கப்பட்டவர் 'இல்லை' என்று நிரூபிக்கப் பாடுபட வேண்டும். அவருக்குக் கொலையாளி என்று பெயர். அவர் கையில் தப்பிப் பிழைத்தது மட்டுமே வெளியே போகும்.

இந்த முறை கண்டவர் ஜோசியர். குலுக்கலில் கொலையாளியாக வந்தவள் பூச்சி.

அடுத்த சரிவு எப்போது வரும் என்று கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதால் அவர் ஜோசியர். அவளுக்கு வேலையில் சேர்ந்த புதிதில் கிடைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. அதைப் பாதியாகக் குறைத்தவரே அவர்தான். "முழுசா கூப்பிட்டா அதுக்கும் பயந்துப்பே" என்றார். கூட்டங்களில் அவள் முடிவுகளை அவளுக்காக எழுந்து சொல்பவரும் அவர்தான். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் மனைவியை அண்ணி என்பாள்.

மறுநாள் காலை அவருக்கு நேர்காணல், அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் தன் கோளை விளக்க வேண்டும். தற்காலிக ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்துப்போன மனிதர். நிரந்தர வேலை ஒன்று இப்போதுதான் காலியாகியிருந்தது. இந்தக் கோள் நிலைத்தால் அது அவருக்கு.

அவள் எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டாள். கோள் பிழைத்துக்கொண்டே வந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். கடைசியாக, மிச்சமிருந்த ஒன்றையும் செய்துவிடலாமென்று, சரிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, இரண்டு குவியலாக்கிப் பார்த்தாள்.

இரண்டும் ஒரே ஆழத்தில் இல்லை.

கோள் கடந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் இறங்கும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் என்றால், முதலில் இது அதை மறைக்கும், பிறகு அது இதை. ஒரு சரிவு ஆழம், அடுத்தது கொஞ்சம் மேலே. ஜோசியர் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டிருந்தார். இரண்டு சரிவும் கலந்து, சராசரியில் அழகான ஒரே சரிவாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு அவர் போட்ட காலம் நிஜத்தில் பாதிதான்.

"என்ன பூச்சி, கொன்னாச்சா?" அவள் வந்து நின்றதும் சிரித்தபடி கேட்டார்.

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

"மயிரிழை வித்தியாசம். கருவியோட இரைச்சலா இருக்கும்."

"சரிவு வர்றப்பல்லாம் வெளிச்சத்தோட நடுப்புள்ளி ஓரமா நகருதுண்ணா. பக்கத்துல மங்கலா ஒண்ணு இருக்கு. சரிவு அதோடது. நம்ம நட்சத்திரத்தோட வெளிச்சத்துல கலந்துபோய் சின்னதா தெரியுது. அதுவும் ஒரே நட்சத்திரம் இல்ல, ரெண்டு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. பேசினதும் பேசினே, இன்னிக்குத்தானா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் விட்டுடு. நாளன்னிக்குத் தாராளமா கொல்லு. வாய மூடிட்டு இருக்கறது உனக்கென்ன புதுசா?"

சொன்னபின் அவர் முகம் மாறியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மடிக்கணினியை மூடினாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். அவள் மௌனத்தை எல்லோரும் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் தேர்வுக்குழு, நடுவில் திட்டத் தலைவியான மேடம். ஜோசியர் திரையில் தன் சரிவைக் காட்டினார். மாசு மறுவில்லாத கிண்ணம் போலிருந்தது.

மேடம் வழக்கம்போல் கேட்டார். "கொலையாளி யாரு?"

தலைகள் திரும்பின.

"உன் சார்பா வழக்கம்போல இவரே சொல்லிடுவாரா?" மேடம் சிரித்தார். "சொல்லுங்க ஜோசியரே, பிழைச்சுதா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நாற்காலி கிறீச்சிட, அவள் எழுந்துவிட்டாள்.

"பிழைக்கல மேடம்."

"என்னது? கேக்கல."

ஒருமுறை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. இன்னொரு முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"பிழைக்கல. அது கோள் இல்ல. ஜோடி நட்சத்திரம்."

வாதாட அவருக்கு இடமிருந்தது. வித்தியாசம் அவ்வளவு மெலிது. பாதி அரங்கு அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த ஒளிக்குச்சியை மேசையில் வைத்தார்.

"அவ சொல்றது சரிதான். நேத்தே காட்டிட்டா. நான்தான் வாய மூடிக்கச் சொன்னேன்."

மதியத்துக்குள் வேலை வேறொருவருக்கு என்று தெரிந்துவிட்டது.

நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்தின் அருகே அவர் தனியாக நின்றிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"அண்ணிக்கு நீயே சொல்லு. என்னால ஆகல."

கடைக்குப் போன் போடக்கூடத் தயங்குகிறவள் அவள். வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணி, நான்தான். அந்தக் கோள்... இல்லைன்னு ஆயிடுச்சு. நான்தான் சொன்னேன். அந்த வேலையும் கிடைக்கல."

மறுமுனையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"அப்பா கோள் கண்டுபிடிச்சுட்டார்னு பாப்பா ஸ்கூல் பூரா சொல்லிட்டாளேம்மா" என்றாள் அண்ணி. "அவகிட்ட என்ன சொல்றது?"

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள்.

"தப்பா எண்ணிட்டோம்னு சொல்லுங்க அண்ணி. ஒண்ணுன்னு நெனச்சோம், ரெண்டு இருக்குன்னு சொல்லுங்க. வேணும்னா நானே வந்து சொல்றேன்."

"வா" என்றாள் அண்ணி. பிறகு போனை வைத்துவிட்டாள்.

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குத் திரும்பி நாலடி போனவர் நின்றார்.

"அந்த ரெண்டு குவியலையும் எனக்கு அனுப்பு. எது சூடு, எது குளிர்ந்ததுன்னு பாக்கணும்."

"ஆழமா இறங்கறப்ப மறையறதுதான் சூடானதுண்ணா."

"அது எனக்குத் தெரியாதா?" குரலில் எரிச்சல் இருந்தது. ஆனாலும் அறைக் கதவைத் திறந்தே விட்டுப் போனார்.