இறங்கிய முள்

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவிலிருந்து பத்மாசினி எழுந்து போய், சுவரில் தொங்கிய, காற்றழுத்தம் காட்டும் பறோமீற்றரின் கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். முள் இன்னும் கீழே இறங்கியது. புருஷனைக் கூடத்தில் கிடத்திவிட்டு இவள் எதைப் பார்க்கிறாள் என்று ஒப்பாரியே ஒரு கணம் நின்றுவிட்டது.

கூடத்தில் கிடந்த தில்லைநாதன் வட்டுக்கோட்டையில் கணக்கு வாத்தியார். பொழுதுபோக்காக விமானம் ஓட்ட ஆசைப்பட்டு, ஏறுமுன் எழுதவேண்டிய பரீட்சைக்காகத் தரைப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். காற்று, மேகம், திசைகாட்டி, ஆகாயச் சட்டம் என்று ஆறு மாதம். தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவள் பத்மாசினிதான்; முள் இறங்கினால் மழை என்பது அவளுக்கும் பாடம். விமானத்தைத் தொட்டும் பார்க்காமல் மனுஷன் நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். "தரையிலை இருந்து ஆகாயம் படிக்கிறானாம்" என்று ஊரெல்லாம் கேலி பண்ணித் திரிந்தவர் அவருடைய தமையன் ஆழ்வாப்பிள்ளை. இன்றைக்குக் காரியங்களைப் பார்க்கிறவரும் அவரே.

"பெரியத்தான், இப்பவே எடுங்கோ. பின்னேரம் பெருமழை வரும்."

பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது.

"இரத்தினம்மா அனுராதபுரத்திலை இருந்து அஞ்சு மணி ரெயிலுக்கு வாறாள், பிள்ளை. கூடப்பிறந்தவள் முகம் பாக்க வேண்டாமே? மழையெண்டு ஆர் சொன்னது?"

"உங்கடை தம்பி படிச்ச படிப்பு."

சொல்லிவிட்டாள். மழை வராவிட்டால் இரத்தினம்மா சாகும்வரை மன்னிக்கமாட்டாள். வந்தால் மட்டும் மன்னிப்பாளா? ஆனால் அவரைப் பாதி எரிந்தபடி மழையில் விட்டுவிட்டு வருவதை அவளால் நினைக்கவும் முடியவில்லை.

ஆழ்வாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தூக்குங்கோ."

நாலரை மணிக்கு, சிதை எரிந்து முடிந்து ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பிக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது வானம் இருண்டது. பிறகு பெய்தது மழையா, கடலா என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு இரத்தினம்மா மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். சேலை சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடிவந்தவள், எரிகிற விளக்கை மட்டும் கண்டு நின்றாள்.

"முகத்தைக்கூடக் காட்டாமல் விட்டிட்டியளே, அண்ணை! மழை வருமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

பத்மாசினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆழ்வாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"தம்பிதான் சொன்னவன்."

இரத்தினம்மா ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பத்மாசினி மாற்றுச் சேலை எடுக்க உள்ளே போனாள். ஓட்டில் மழை இரைந்துகொண்டிருந்தது. விடிந்தால் சாம்பல் அள்ளவேண்டும்; அதற்குள் மழை விடவேண்டும். ஆழ்வாப்பிள்ளை எழுந்து போய், கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.